கணுக்கால் கருவிகள் நிற்கும் காலை அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இன்றைய திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றிருக்கிறேன். சென்ற மாதம் எங்கள் பகுதியிலுள்ள பொறியியல் கல்லூரி ஒன்றில், உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டு மாணவர்களின் திட்டப்பணிகளைப் பார்வையிட்டுக் கருத்துச் சொல்லுமாறு அழைத்திருந்தார்கள். பார்த்தவற்றில் மூன்று, கணுக்கால் காயத்தை மதிப்பிடவும் காயம் ஆறிய பின் பயிற்சி அளிக்கவும் உருவாக்கப்பட்ட கருவிகள். இதயத்துக்கும் மூளைக்கும் கருவி செய்ய எல்லோரும் ஓடுகிற காலத்தில், அன்றாடம் ஆயிரக்கணக்கானோர் மடக்கிக்கொண்டு வருகிற இந்தச் சிறு மூட்டின் மீது இளம் பொறியாளர்களுக்கு அக்கறை பிறந்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. அந்த மகிழ்ச்சியோடுதான், அங்கே கண்ட ஒரு குறையையும் அதைக் களையும் வழியையும் தங்கள் நாளிதழ் மூலம் கல்லூரிகளுக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

முதல் கருவியில் என்னையே உட்காரவைத்தார்கள். முப்பரிமாண அச்சில் வார்த்த வெள்ளைத் தட்டின் மேல் என் வலது பாதத்தை வைத்து, விரல்களுக்குச் சற்றுப் பின்னால் ஒரே ஒரு பட்டையால் கட்டினார்கள். மோட்டார் மெதுவாகத் தட்டை மேல்நோக்கித் தூக்கியது. திரையில் எண் ஏறிக்கொண்டே போய் 29 பாகையில் நின்றது. பாதத்தை மேல்நோக்கி மடக்கும் அசைவு, நல்ல நிலையிலுள்ள இளைஞருக்கே சுமார் 20 பாகைதான் இருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் மாடிப்படியில் தடுக்கி விழுந்து இறுகிப்போன என் கணுக்காலில் 12 பாகைக்கு மேல் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். குனிந்து பார்த்தேன். தட்டு உயர்ந்திருந்தது, பாதம் அந்த அளவுக்கு உயரவில்லை. குதிகாலுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழையும் இடைவெளி இருந்தது. கருவி அளந்தது தன் தட்டின் கோணத்தை. அதைத்தான் என் மூட்டின் கோணமாக அறிவித்துக்கொண்டிருந்தது. மாணவர்களிடம் காட்டியபோது அவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். "இதுவரைக்கும் எங்க கால்லதான் சார் போட்டுப் பார்த்தோம்" என்று ஒரு மாணவி சொன்னார். இருபது வயதுக் கால்கள் நெகிழ்வானவை. தட்டு போகும் இடத்துக்கு அவையும் போயிருக்கும். காயம்பட்ட ஒரு கால் கூட அந்தத் தட்டின் மேல் ஏறியதே இல்லை என்பதுதான் இதிலிருந்து எனக்குத் தெரிந்த செய்தி.

குதிகாலுக்கு ஒரு பட்டை சேர்த்துவிட்டால் அந்தப் பிழை பெருமளவு சரியாகிவிடும். ஆனால் அன்று பார்த்த மூன்று கருவிகளுக்கும் பொதுவான வேறொரு குறை பட்டையால் சரியாகாதது. மூன்றுமே நாற்காலியில் தொங்கும் காலையோ கட்டிலில் நீட்டிய காலையோ அளப்பவை. கணுக்கால் காயப்படுவது உடல் எடை முழுவதையும் சுமந்து நிற்கும்போது; மறுபடியும் மடங்குவதும் அப்போதுதான். வயல் வரப்பில், பேருந்தின் கடைசிப் படியில், கபடி மைதானத்தில், குந்தி உட்கார்ந்து எழும் கழிப்பறையில் அந்த மூட்டு எப்படி இருக்கிறது என்பதைத் தொங்கும் கால் சொல்லாது. கணுக்காலுக்காக வடிவமைக்கப்படும் கருவி, மதிப்பீட்டுக்கானாலும் பயிற்சிக்கானாலும், நிற்கும் காலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கடிதத்தில் நான் சொல்ல வந்தது.

எங்கள் பக்கத்தில் கணுக்காலைக் கரண்டை என்பார்கள். கரண்டை பிசகிவிட்டது என்று வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பாதம் உட்புறமாகத் திரும்பி, வெளிப்பக்கத்து ஜவ்வுகள் இழுபட்டிருக்கும் அல்லது கிழிந்திருக்கும். வெளிப்பக்கத்தில் எலும்புகளைப் பிணைக்கும் ஜவ்வுகள் மூன்று; அவற்றுள் முன்புறம் இருப்பதே முதலில் கிழிவது. பொறியாளர்கள் இந்த மூட்டைக் கதவுக் கீல் போல ஒரே அச்சில் திரும்புவதாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது ஒன்றன் கீழ் ஒன்றாக அமைந்த இரண்டு மூட்டுகள். மேல் மூட்டின் அச்சு இரு பக்கக் கணு எலும்புகளின் நுனிகளை ஒட்டிச் சற்றுச் சாய்வாக ஓடுகிறது. கீழ் மூட்டின் அச்சோ தரையிலிருந்து சராசரியாக 42 பாகை மேல்நோக்கிச் சாய்ந்து உள்பக்கமாகவும் திரும்பியிருக்கிறது; அந்தச் சாய்வு ஆளுக்கு ஆள் கணிசமாக மாறுபடும். எனவே ஒற்றைக் கீல் வைத்த கருவியில் பாதத்தை இறுகக் கட்டிச் சுழற்றினால், மூட்டு தன் போக்கில் போக முடியாமல் முழங்காலோ பாதத்தின் நடுப்பகுதியோ வளைந்து கொடுக்கும். திரையில் எண் வரும். அது எந்த மூட்டின் எண் என்பது யாருக்கும் தெரியாது.

காயம்பட்ட முதல் நாளின் மதிப்பீட்டைப் பற்றிச் சொல்லும்போது, கருவியே இல்லாத ஒரு முறையை முன்னால் வைக்க வேண்டியிருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1992-இல் வெளியிட்ட விதிகள் இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. கணுவைச் சுற்றி வலி இருப்பவருக்கு, வெளிக்கணு எலும்பு அல்லது உட்கணு எலும்பின் பின்விளிம்பில், நுனியிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரம் வரை விரலால் அழுத்தும்போது வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடிபட்டவுடனும், பின்பு மருத்துவமனைக்கு வந்த பிறகும் நான்கு எட்டு வைக்க முடியவில்லை என்றாலும் எடுக்க வேண்டும். பாதத்தின் நடுப்பகுதியில் வலி உள்ளவர்களுக்குச் சுண்டுவிரல் பக்கத்து நீள எலும்பின் அடிப்பகுதியையும், உள்வளைவில் இருக்கும் படகு வடிவ எலும்பையும் அழுத்திப் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் எலும்பு முறிவு இருப்பதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. இந்த விதிகளால் எக்ஸ்ரே எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்களவு குறைந்ததாகப் பல நாடுகளின் அனுபவம் காட்டுகிறது. இந்த விதிகளிலும் நோயாளி நான்கு எட்டு நடக்கிறாரா என்று பார்ப்பது, அதாவது நிற்கும் காலைப் பார்ப்பது, முக்கியமான பகுதியாக இருப்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நம் ஊரில் கால் மடங்கியவர்களில் பலர் முதலில் போவது சுளுக்கு நீவுபவரிடம். அவர்களில் கைத்திறன் மிக்கவர்களை நான் அறிவேன்; அவர்களைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எலும்பு முறிந்த காலை நீவிவிட்டு, யானைக்கால் போல வீங்கிய நிலையில் எங்களிடம் வந்தவர்களும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் கையில் இந்த விதிகளை அச்சிட்ட ஓர் அட்டை இருப்பது, எந்த மின்னணுக் கருவியையும் விட முதல் நாளில் அதிகம் பயன் தரும்.

கருவிக்கு உண்மையான தேவை இரண்டாவது வாரத்தில்தான் தொடங்குகிறது. வலி தணிந்து, வீக்கம் வடிந்து, கிரேப் பேண்டேஜைக் கழற்றிவிட்டு, நோயாளி தனக்குச் சரியாகிவிட்டது என்று நம்பத் தொடங்கும் நாட்கள் அவை. அந்த நம்பிக்கை சரியா தவறா என்று சொல்ல எங்களிடம் அளவு இல்லை. முதல் முறை கணுக்கால் மடங்கியவர்களில் 40 விழுக்காடு வரை பின்னாளில் மூட்டு உறுதியில்லாமல் அடிக்கடி மடங்கும் நிலைக்கு ஆளாவதாக மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. இதை ஒரு நோயாளியின் வழியாகச் சொன்னால் தெளிவாக இருக்கும்.

பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த ஒரு கபடி வீரன், பாடிப் போன இடத்தில் எதிரணியினர் போட்ட கணுக்கால் பிடியில் இடது காலை மடக்கிக்கொண்டு வந்தான். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. பத்து நாளில் வலி போய்விட்டது, நடையும் சீராகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் போய் அதே காலை அதே பக்கம் மடக்கிக்கொண்டு, முன்னைவிட மோசமான நிலையில் வந்தான். இம்முறை வீக்கம் வடிந்ததும் அவனைக் கட்டிலில் படுக்கவைத்து, மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரால் அளந்தேன். இரண்டு காலுக்கும் வித்தியாசம் 3 பாகைதான்; அளப்பவர் கை நடுக்கத்திலேயே அவ்வளவு வந்துவிடும். பிறகு சுவரை நோக்கி நிற்கவைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொன்னேன். தொட முடிகிற மட்டும் பாதத்தைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போய், பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளப்பதே இந்தச் சோதனை. வலது கால் 11 சென்டிமீட்டர், இடது கால் 7.5 சென்டிமீட்டர். இந்தச் சோதனையில் ஒரு சென்டிமீட்டர் என்பது மூட்டின் கோணத்தில் ஏறத்தாழ 3.6 பாகைக்குச் சமம். அப்படியென்றால் நிற்கும்போது அந்த மூட்டில் 12 பாகைக்கு மேல் பற்றாக்குறை இருந்திருக்கிறது. முதல் முறை வந்தபோதே இந்தச் சோதனையைச் செய்யாமல் அவனைப் போட்டிக்கு விட்டது என் தவறு. அதன் பிறகு எங்கள் பிரிவின் சுவரோரத் தரையில் தையற்காரரின் அளவு நாடாவை ஒட்டிவைத்தேன். கால் மடங்கி வந்த யாரையும் அந்த நாடாவின் மேல் நிறுத்தி அளக்காமல் நான் அனுப்பியதில்லை.

ஐந்து ரூபாய் நாடா செய்கிற வேலைக்குக் கருவி எதற்கு என்று கேட்கலாம். நாடா சொல்லாதவை உண்டு. நோயாளி முழங்காலைச் சுவரில் தொடும்போது குதிகால் நூலளவு எழுந்ததா, பாதத்தின் உள்வளைவு சரிந்து கோணத்தைக் கூட்டிக் காட்டியதா, எடையை மறுகாலுக்கு மாற்றிவிட்டாரா என்பவற்றைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். குதிகாலுக்கு அடியில் ஓர் அழுத்த உணரி (சென்சார்), முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் ஒரு சாய்வு உணரி, இரண்டு பாதங்களுக்கும் தனித்தனியே எடை காட்டும் இரண்டு பலகைகள் ஆகிய இவ்வளவும் சேர்ந்தால் அந்தச் சுவர்ச் சோதனை யார் செய்தாலும் ஒரே விடை தருகிற அளவீடாக மாறும். மாணவர்கள் செய்திருந்த கருவிகளில் இருந்த பாகங்களே இதற்குப் போதும். மோட்டார் கூடத் தேவையில்லை.

சமநிலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணுக்கால் மீண்டும் மீண்டும் மடங்குவதன் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஜவ்வு எலும்பைக் கட்டிவைக்கும் கயிறாக மட்டும் இருப்பதில்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு நுனிகளும் அதில் இருக்கின்றன. இங்கிலாந்தில் ஃப்ரீமன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 1965-இல் இந்தக் கருத்தை முன்வைத்து, ஜவ்வு ஆறினால் மட்டும் போதாது, ஆடும் பலகையின் மேல் நின்று பழகும் பயிற்சியும் வேண்டும் என்று காட்டினார்கள். இன்று உலகெங்கும் கணுக்கால் சிகிச்சையில் இடம்பெறும் ஆடும் பலகை அந்த வழியில் வந்ததே. எங்கள் பிரிவில் இருந்த பலகை, அம்பாசமுத்திரம் பக்கம் மரத்தில் சொப்புச் சாமான்களைக் கடைந்தெடுக்கும் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்தது. பட்டறைக்காரர் கட்டையை அரைக்கோளமாகக் கடைந்து கொடுத்தார். அதைத் தடித்த பிளைவுட் பலகையின் அடியில் திருகாணியால் பொருத்தி, மேலே சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டினோம். அந்தப் பலகை 14 ஆண்டுகள் உழைத்தது. அதன் மேல் நிற்பவர் எத்தனை விநாடி நின்றார், எந்தப் பக்கம் அதிகம் சாய்ந்தார், சென்ற வாரத்தைவிட இந்த வாரம் ஆட்டம் குறைந்திருக்கிறதா என்று எழுதிவைக்க முடிந்திருந்தால் எத்தனையோ பேருக்குப் பயிற்சியை எப்போது நிறுத்தலாம் என்று உறுதியாகச் சொல்லியிருப்பேன். இப்படி ஒரு பலகையில் சாய்வு உணரி ஒன்றைப் பதிப்பது இறுதியாண்டு மாணவர்களின் ஆற்றலுக்கு எட்டாத வேலையன்று.

உணரிகளைத் தேர்ந்தெடுப்பதில் எச்சரிக்கை வேண்டும். எடை காட்டும் பலகைகளுக்கு மாணவர்கள் வாங்கும் எச்எக்ஸ்711 என்ற மலிவான மின்சுற்று, விநாடிக்கு 10 முறையோ 80 முறையோ மட்டுமே அளவெடுக்கும். அசையாமல் நிற்பவரின் எடை எந்தக் காலில் எவ்வளவு விழுகிறது என்று பார்க்க அது போதும். ஒற்றைக் காலில் குதித்து இறங்கும் கணத்தில் விழும் தாக்கத்தை அதனால் பிடிக்க முடியாது. காலில் கட்டும் அசைவு உணரிகளில், சுழற்சியை அளக்கும் பகுதி நேரம் ஆக ஆகத் தன் பூச்சியத்திலிருந்து மெல்ல விலகும். திசையைக் காந்தப்புலத்தால் அறியும் பகுதியோ மருத்துவமனையின் இரும்புக் கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் அருகே தடுமாறும். ஆய்வகத்து மரமேசையில் சரியாக வேலை செய்த கருவி எங்கள் பிரிவில் தவறான எண்ணைக் காட்டுவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். மலிவாக இருப்பதால் ஒரு கருவி தரம் குறைந்ததாகிவிடாது. நின்டெண்டோ நிறுவனம் விளையாட்டுக்காக விற்ற வீ (Wii) சமநிலைப் பலகையை, பாதம் தரையில் தரும் விசையை அளக்க ஆய்வகங்களில் பயன்படும் விலையுயர்ந்த விசைமேடையோடு ஒப்பிட்ட ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், நிற்கும்போது ஏற்படும் உடல் ஆட்டத்தை அளப்பதில் அது ஏற்கத்தக்கது என்று 2010-இல் வெளியிட்டார்கள். அப்படி ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்பதே இதில் முக்கியம். நம் மாணவர்களின் அறிக்கைகளில் கருவியின் படமும் மின்சுற்று வரைபடமும் செயலியின் திரையும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒரே காலை இரண்டு பேர் தனித்தனியே அளந்தால் எவ்வளவு வேறுபடுகிறது, ஒருவரே இன்றும் நாளையும் அளந்தால் எவ்வளவு வேறுபடுகிறது என்ற இரண்டு எண்களை மட்டும் காணவில்லை. அந்த இரண்டும் தெரியாத நிலையில், நோயாளி 4 பாகை முன்னேறியிருக்கிறார் என்று கருவி சொல்வதை எதை நம்பி எழுதிக்கொள்வது?

மோட்டார் பொருத்திய கருவிகளுக்கு நான் எதிரி அல்லன். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1999-ஆம் ஆண்டு வாக்கில் உருவான கணுக்கால் பயிற்சி மேடையும், எம்ஐடியில் உருவான ஆங்கிள்பாட் என்ற இயந்திரமும் இத்துறையில் வழிகாட்டிகள். பக்கவாதத்தால் பாதம் தொங்கிப்போனவருக்கு, தசை தானாக இயங்க மறுக்கும் காலகட்டத்தில், நூற்றுக்கணக்கான முறை சீராகப் பாதத்தை அசைத்துவிடும் இயந்திரம் பெரிய உதவி. சிகிச்சையாளரின் கை அவ்வளவு முறை அசைத்தால் ஓய்ந்துவிடும். ஜவ்வு கிழிந்தவரின் தசைக்கோ வலு இருக்கிறது. அவருக்கு வேண்டியது தன் காலில் தானே நிற்கும் பயிற்சி. இந்த இரு வகை நோயாளிகளையும் ஒரே கருவிக்குள் அடக்க முயல்வதால், இருவருக்குமே பொருந்தாத ஒன்று உருவாகிறது. மோட்டார் வைத்தே தீர வேண்டும் என்றால், மென்பொருள் கோளாறு ஏற்பட்டாலும் தட்டு ஓர் எல்லையைத் தாண்டாதபடி உலோகத் தடுப்பு வேண்டும். தசை திடீரென இறுகினால் இயந்திரம் விட்டுக்கொடுக்க வேண்டும். நிறுத்தும் பொத்தான் நோயாளியின் கையில் இருக்க வேண்டும். அன்று நான் உட்கார்ந்த கருவியில் நிறுத்துவதற்கு மடிக்கணினியின் விசையைத் தேட வேண்டியிருந்தது.

நான் பணியாற்றிய இடம் ஒன்றுக்கு நன்கொடையாக வந்த வெளிநாட்டுக் கணுக்கால் பயிற்சி இயந்திரத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு உள்ளேயிருந்த பல் வைத்த ரப்பர் பட்டை அறுந்தது. அந்த அளவில் பட்டை உள்ளூரில் கிடைக்கவில்லை. வரவழைக்கக் கேட்ட தொகைக்கு ஒப்புதல் பெற முடியவில்லை. அதன் பிறகு அது சாக்குத்துணி போர்த்தப்பட்டு மூலையில் நின்றது. மழைக்காலத்தில் அதன் தோல் பட்டைகளில் பூஞ்சை பிடித்தது. கருவியை வடிவமைப்பவர்கள் பாகங்களின் பட்டியலை எழுதும்போது, ஒவ்வொன்றும் மாவட்டத் தலைநகரின் மின்பொருள் கடையிலோ சைக்கிள் கடையிலோ கிடைக்குமா என்று ஒரு முறை கேட்டுப் பார்த்துக்கொண்டால் இந்த நிலை வராது.

நம் நாட்டில் இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1968-இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய செயற்கைப் பாதம், மேல்நாட்டுப் பாதங்களால் முடியாத மூன்று காரியங்களை மனத்தில் வைத்துப் பிறந்தது: வெறுங்காலோடு நடப்பது, குந்தி உட்காருவது, சம்மணமிடுவது. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான மறுவாழ்வுக் கருவிகள் ஆய்வு மையம், எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலியையும், 2022-இல் 'கதம்' என்ற செயற்கை முழங்கால் மூட்டையும் நம் நிலைமைகளுக்கேற்பக் கொண்டுவந்திருக்கிறது. கணுக்கால் காயத்துக்கும் இப்படி நம் தரையிலிருந்து தொடங்கும் கருவி வர வேண்டும். வெளிநாட்டு அளவுகோல்களில் விளையாட்டு வீரர் மறுபடி ஓடலாமா என்ற கேள்வி வரும். பிச்சிப்பூ பறிக்கும் பெண்மணி மறுபடி குந்தி உட்காரலாமா, வரப்பில் நடக்கலாமா என்ற கேள்வி வராது. முழுதாகக் குந்துவதற்குக் கணுக்கால் தன் வீச்சின் கடைசி எல்லை வரை மடங்க வேண்டும். அந்த எல்லையில் உடல் எடையோடு மூட்டு எப்படி நடந்துகொள்கிறது என்று அளக்கும் கருவியை, குந்தி உட்காரும் பழக்கம் உள்ள நாம் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டதிலிருந்து, இயன்முறை சிகிச்சை நோயாளியின் வீட்டு வாசலுக்கே போகிறது. என் பார்வையில், நம் மாநிலத்தில் கணுக்கால் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இத்திட்டத்தில் வீடு வீடாகப் போகும் சகோதரிகளும் தம்பிகளும் தோளில் மாட்டும் பைக்குள் அந்தக் கருவி அடங்க வேண்டும்; மொபைலுக்குப் பயன்படும் பவர் பேங்கில் இயங்க வேண்டும்; இணையம் கிடைக்காத ஊரிலும் அளவைச் சேமிக்க வேண்டும்; சாணம் மெழுகிய மண் தரையிலும் டைல்ஸ் தரையிலும் ஒரே விடை தர வேண்டும். திரையில் ஆங்கிலச் சொற்களுக்குப் பதில், "குதிகாலை ஊன்றுங்கள்", "இன்னும் பத்து எண்ணும் வரை நில்லுங்கள்" என்று தமிழில் குரல் கொடுத்தால் அறுபது வயதுப் பாட்டியும் தனியே பயிற்சி செய்வார்.

நீரிழிவு நோயாளிகளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வேலூரில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட், அவர்களுடைய கால்கள் புண்ணாவதற்கு வலி உணர்ச்சி இல்லாமையும் தொடர்ந்து படும் அழுத்தமுமே காரணம் என்று எடுத்துக்காட்டினார். நீரிழிவால் மரத்துப்போன பாதத்துக்கும் அது முழுதும் பொருந்தும். பட்டை இறுக்கமாக இருந்தால் நாம் "வலிக்கிறது" என்போம். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், மறுநாள் கொப்புளத்தோடு வருவார். முன்னே சொன்ன ஒட்டாவா விதிகளைக்கூட மரத்துப்போன கால்களில் நம்பக் கூடாது, ஏனென்றால் அழுத்தினால் வலிக்கிறதா என்ற கேள்விக்கே அங்கு பொருள் இல்லை. ஆகவே கருவியில் கால் வைப்பதற்கு முன் பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்தார்களா என்று கேட்கும் ஒரு படி கட்டாயமாக இருக்க வேண்டும்; பட்டைகள் அகலமாகவும் கழற்றித் துவைக்கத் தக்கவையாகவும் இருக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றி மாணவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை என்று தெரிந்தது. மருத்துவக் கருவிகளுக்கான 2017-ஆம் ஆண்டு விதிகள், கருவிகளை அவற்றின் ஆபத்தின் அளவைக் கொண்டு ஏ, பி, சி, டி என நான்காகப் பிரிக்கின்றன. முதல் இரண்டு வகைகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், மற்ற இரண்டுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயமாகியிருக்கிறது. ஏ வகையில் கிருமிநீக்கமும் அளவிடும் பணியும் இல்லாத கருவிகளுக்கு மட்டும் பதிவு செய்துகொண்டால் போதும். சாதாரண ஆடும் பலகைக்கும், அதே பலகையில் அளக்கும் உணரி பதித்ததற்கும் சட்டத்தின் முன் வேறுபாடு உண்டு என்பதை மாணவர்கள் முதலாண்டிலேயே அறிந்திருந்தால், பரிசு வாங்கிய கருவி அலமாரியிலேயே தங்கிவிடாது. ஒரகடத்தில் மருத்துவக் கருவிகள் பூங்கா அமையும் மாநிலத்தில் இந்தப் பாடம் பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும்.

என் வேண்டுகோள் பெரிய நிதி எதையும் கோரவில்லை. உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர்கள் கணுக்கால் குறித்த திட்டப்பணியைத் தேர்ந்தெடுத்தால், கணினியில் முதல் கோட்டை வரைவதற்கு முன் பத்து நாட்களாவது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் காலையில் வந்து உட்காரக் கல்லூரியும் மருத்துவமனையும் சேர்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும். திட்டத்தை மதிப்பிடும் குழுவில் ஓர் இயன்முறை மருத்துவர் வாக்குரிமையோடு இடம்பெற வேண்டும். கடைசி நாளில் விருந்தினராக அழைப்பது போதாது. மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதியும் நோயாளியின் ஒப்புதலும் பெற்று, காயம்பட்ட கால்களில் கருவியைச் சோதித்துப் பார்க்காத திட்டத்துக்கு முழு மதிப்பெண் தரக் கூடாது.

அன்று என்னிடம் பேசிய மாணவி தன் தோழர்களோடு போன வாரம் எங்கள் ஊருக்கு வந்திருந்தார். மோட்டாரைக் கழற்றிவிட்டு, குதிகாலுக்கு ஓர் அழுத்த உணரியும் முன்னெலும்புக்கு ஒரு சாய்வு உணரியும் வைத்து, சுவரோரம் நின்று அளக்கும் மரப்பலகை ஒன்றைச் செய்துகொண்டு வந்தார்கள். என் இறுகிய காலை அதன் மேல் வைத்தேன். குதிகால் எழுந்தவுடன் மணி அடித்தது. அடுத்து அவர்களுக்குத் தேவை 30 நோயாளிகள், அவர்களை அளக்க இரண்டு இயன்முறை மருத்துவர்கள், ஒரு மருத்துவமனையின் எழுத்துப்பூர்வமான அனுமதி. கல்லூரியிலிருந்து கடிதம் போயிருக்கிறது. அதற்கு விரைவில் பதில் கிடைக்க உரியவர்கள் ஆவன செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.